மாப்பிள்ளை நெரிசலில்தான் இருந்தார் என்பதற்கான நேரடி ஆய்வு

அன்புக்கும், மரியாதைக்கும், கடந்த மூன்று வாரமாகக் கொஞ்சம் சந்தேகத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் மாமியார் நலம், ஆனால் வெள்ளிக்கிழமை இரவிலிருந்து என்னோடு பேசுவதில்லை. உங்கள் மனைவியும் நலம். அதை மட்டும் உங்களுக்கு எழுதக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு, ஆகையால் அந்த வரியை நீங்கள் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு, உங்கள் உத்தியோகம், உங்கள் கார் ஆகிய மூன்றின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் என் மகள் நிற்கிறாள், பக்கத்தில் இரண்டு பெட்டி. நான் வெள்ளந்தியாக, "என்னம்மா, மாப்பிள்ளை வண்டியை நிறுத்திட்டு வர்றாரா?" என்று கேட்டேன். "அவர் வர மாட்டார்ப்பா. அவருக்கு டிராஃபிக்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என்ன டிராஃபிக் என்று கேட்க வாயெடுத்தேன், பின்னால் நின்ற உங்கள் மாமியார் என் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள், வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் மெதுவாக விசாரித்ததில் தெரிந்தது இதுதான்: வருஷக்கணக்காக நீங்கள் தினமும் எட்டேகாலுக்குத்தான் வீடு வந்து சேர்கிறீர்கள், ஏன் என்று கேட்டால் ஒரே வார்த்தை, டிராஃபிக், சனிக்கிழமை ஆறு மணிக்கு இவள் உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறாள், எடுத்த பெண், "அவர் அஞ்சரைக்கே கிளம்பிட்டாரே மேடம், தினமும் அஞ்சரைதானே" என்று தேன் ஒழுகச் சொல்லியிருக்கிறாள். ஐந்தரையிலிருந்து எட்டேகால். ரெண்டே முக்கால் மணி நேரம். தூரமோ பதினாலு கிலோமீட்டர். என் மகள் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவள், நானூறு பக்கப் புத்தகத்தில் ஒரு கால்புள்ளி காணாமல் போனாலும் கண்டுபிடித்துவிடுவாள், தினமும் ரெண்டே முக்கால் மணி நேரம் காணாமல் போனால் விடுவாளா?

"பதினாலு கிலோமீட்டருக்கு ரெண்டே முக்கால் மணி நேரமாப்பா? ஒரு எறும்பை ஆபீஸ் வாசல்ல விட்டிருந்தா அது இந்நேரம் வந்து சோறு சாப்பிட்டுட்டுத் தூங்கியிருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த அழுகையைப் பார்க்கிற தெம்பு கிடையாது மாப்பிள்ளை. வேறு எங்கோ போகிறீர்கள், யாரையோ பார்க்கிறீர்கள் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்கள் மாமியார் சொன்னாள். "ஆம்பளைங்க சொல்ற டிராஃபிக்குக்கு சேலை கட்டியிருக்கும்" என்று அவள் சொன்னதை நான் கண்டித்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கொஞ்சம் தாமதமாகக் கண்டித்தேன், ஆனால் கண்டித்தேன்.

நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். காப்பீட்டுக் கம்பெனியில் முப்பத்திநாலு வருஷம் நஷ்ட மதிப்பீட்டாளன். தீப்பிடித்த குடோன், திருட்டுப் போன கடை, கவிழ்ந்த லாரி, எது என்றாலும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு தடவை ஒரு கடைக்காரர், மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து தன் சரக்கு முழுக்க நனைந்து நாசமாகிவிட்டது என்று நஷ்டஈடு கேட்டார். நேரில் போய்ப் பார்த்தால் அது குடைக் கடை. நான் போகாவிட்டால் கம்பெனி பணத்தைக் கொடுத்திருக்கும். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமைக்காகவும் சொல்கிறேன். அப்படிப்பட்டவனைப் பார்த்து உங்கள் மாமியார், "ஊரான் வீட்டு நஷ்டத்தையெல்லாம் எண்ணினீங்களே, சொந்தப் பொண்ணு வாழ்க்கையில என்ன நஷ்டம்னு ஒரு நாள் போய்ப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டாள். சுருக்கென்று தைத்தது.

அதே சமயத்தில் செய்தித்தாளில் ஒரு அறிக்கையும் வந்திருந்தது. நம் நகரத்தில் போக்குவரத்து நெரிசலால் ஆண்டுக்கு நாற்பத்தோராயிரம் கோடி நஷ்டமாம். எரிபொருள் இவ்வளவு, தேய்மானம் இவ்வளவு, மனித நேரம் இவ்வளவு என்று அழகாகக் கட்டம் போட்டிருந்தார்கள். மேலாளரின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை, குமாஸ்தாவின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை, கூலியாளுக்கு ஒரு விலை. கடைசியில், "ஓய்வு பெற்றோர்" என்று போட்டு எதிரே ஒரு சின்னக் கோடு. பூஜ்யம்கூட இல்லை மாப்பிள்ளை, கோடு. எனக்கு வந்த ஆத்திரத்தில் காபி ஆறிப்போனது. சரி, என் நேரத்துக்குத்தான் விலை இல்லையே, அதில் ஒரு சாயங்காலத்தை எடுத்து மாப்பிள்ளைக்காகச் செலவு பண்ணினால் நாட்டுக்கு ஒரு நயா பைசா நஷ்டமில்லை என்று முடிவு கட்டினேன்.

ஆக, நேற்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே உங்கள் ஆபீஸ் கட்டடத்துக்கு எதிர்ப்புறம், செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தரைக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியே வந்தார்கள். நீங்கள் கண்ணில் படவில்லை. தூரப் பார்வைக் கண்ணாடியை மறந்து, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், அதில் உங்கள் ஆபீஸ் கதவே ஒரு கலங்கல்தான். ஆளைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, ரோட்டைப் பார்த்தால் போதாதா என்று, ஐந்து முப்பத்தொன்றுக்கு ஒரு வாடகைக் காரைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, உங்கள் அடுக்குமாடி விலாசத்தைச் சொன்னேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவசரமா சார்?" என்றார். "ஒண்ணும் அவசரமில்லப்பா, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கத்தான் போறேன்" என்றேன். "அப்படி ஒரு ஆளை இப்பதான் சார் முதல் தடவையா பார்க்கறேன்" என்று சொல்லி, தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். நல்ல மனுஷன்.

முதல் நூறு மீட்டருக்கு இருபத்திரண்டு நிமிடம். நான் சும்மா சொல்லவில்லை, குறித்து வைத்திருக்கிறேன். ஓட்டுநர் அலட்டிக்கொள்ளவே இல்லை. சன்னல் கைப்பிடியில் சின்னக் கண்ணாடியை மாட்டி முகச்சவரம் செய்துகொண்டார், சட்டையை மாற்றினார், மின்சாரக் கட்டணம் கட்டினார், அப்புறம் போனில் தன் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தக் குழந்தை, "அப்பா, ஒரு கார் ஒரு மணி நேரத்துல அறுபது கிலோமீட்டர் போனா, நூத்தியெண்பது கிலோமீட்டர் போக எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று கேட்டாள். ஓட்டுநர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். "கணக்கே தப்பும்மா. அப்படி ஒரு கார் கிடையாது. டீச்சர்கிட்ட அப்பா சொன்னாருன்னு சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர் சிரிக்கவில்லை.

கழுத்துக்கு வைக்கிற தலையணை விற்கும் அம்மாள் ஒருவர் வண்டிக்கு வண்டி வந்தார். நாங்கள் அதே இடத்தில் நின்றதால் நாலு தடவை வந்தார். மூன்று தடவை வேண்டாம் என்றேன், நாலாவது தடவை கழுத்து வலித்தது, வாங்கினேன். இந்தச் சிக்னலில் ஒரு தடவைக்கு எத்தனை வண்டி போகும், மழை பெய்தால் எத்தனை போகும் என்று அவர் விரல் நுனியில் வைத்திருக்கிறார். "இங்க பாலம் கட்டப் போறாங்களாமேம்மா, நெரிசல் போயிடுமே, உங்க பொழப்பு?" என்று அக்கறையாகக் கேட்டேன். "கட்டட்டும் சார், கட்டி முடிக்க அஞ்சு வருஷமாகும். கட்டறப்போ இப்ப நிக்கறதைவிட ரெண்டு மடங்கு நிப்பாங்க. அதுக்குள்ள என் பொண்ணு காலேஜை முடிச்சிடுவா" என்றார். நாற்பத்தோராயிரம் கோடி நஷ்டம் என்று எழுதினவர்கள், இந்த அம்மாள் மகளின் காலேஜ் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று எழுதவில்லை.

ஆறே முக்கால் இருக்கும். என் வயதில் ஒருவனுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு தடவை என்ன வருமோ அது வந்தது. "ஓட்டுநரே, நான் இறங்கிப் போயிட்டு வந்தா வண்டி எங்க இருக்கும்?" என்றேன். "நீங்க போயிட்டு, ஒரு காபி குடிச்சிட்டு, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்துட்டு வந்தாலும் இங்கதான் சார் இருக்கும்" என்றார். பெட்ரோல் பங்க் வரை நடந்து போய், வரிசையில் நின்று, வேலையை முடித்துத் திரும்பினேன். வெள்ளைக் காரின் பின்கதவைத் திறந்து ஏறி, "அப்பாடா" என்று தலையணையைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஒரு ஆள் மடியில் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நெரிசல் நேரத்தில் இன்னொரு சவாரியையும் ஏற்றிக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதைக்கு வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். "கமிட்டியிலயா இருக்கீங்க?" என்று கேட்டார். நான் யார் எதைக் கேட்டாலும் சட்டென்று இல்லை என்று சொல்லாத பழக்கம் உள்ளவன், தொழில் கற்றுக் கொடுத்தது. "அப்படித்தான் வச்சுக்கங்களேன்" என்றேன். அந்த ரோட்டில் எல்லா வண்டியும் வெள்ளை, மாப்பிள்ளை. நான் ஏறினது வேறு வண்டி.

அந்த ஆள் யார் தெரியுமா? சாட்சாத் அந்த நாற்பத்தோராயிரம் கோடி அறிக்கையை எழுதின பேராசிரியர். நெரிசல் நஷ்டத்தைப் பற்றிக் கமிட்டி முன்னால் விளக்கம் சொல்ல ஐந்து மணிக்குப் போக வேண்டியவர், நாலு மணியிலிருந்து அங்கே நின்றுகொண்டிருக்கிறார். கமிட்டித் தலைவர் இரண்டு வண்டி முன்னால் நிற்கிறார். உறுப்பினர்களில் மூன்று பேர் பின்னால் எங்கோ இருக்கிறார்கள். ஒருவர் எதிர்ப்பக்கம் போகிற ரோட்டில் நிற்கிறார், அவர் கூட்டத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாரா இல்லை போகவே மறந்துவிட்டாரா என்று தெரியவில்லை. ஏழு மணிக்கு, தலைவரின் காரியதரிசி கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடி வந்து, "தலைவர் சொல்றாரு, எல்லாரும்தான் இங்கயே இருக்கோமே, கூட்டத்தை இங்கயே நடத்திடலாம்" என்றார்.

நடத்தினார்கள் மாப்பிள்ளை, என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பேராசிரியர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அறிக்கையை உரக்கப் படித்தார். காரியதரிசி ஒவ்வொரு வண்டிச் சன்னலுக்கும் ஓடி ஓடிக் குறிப்பெடுத்தார். தலையணை அம்மாள் நடுவில் புகுந்து உறுப்பினர்களுக்கு விற்றார். முதல் தீர்மானம், நெரிசல் மிகவும் வருத்தத்துக்குரியது. இரண்டாவது தீர்மானம், நெரிசலை இன்னும் துல்லியமாகக் கணக்கெடுக்க நூற்றைம்பது புதிய கார்கள் வாங்கி, காலையும் மாலையும் இந்த ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது. தலைவர் தன் வண்டியிலிருந்து, "ஆதரிக்கறவங்க ஹாரன் அடிங்க" என்று கத்தினார். யாரோ ஒரு உறுப்பினர் அடித்தார். அவ்வளவுதான், பின்னால் இரண்டு கிலோமீட்டருக்கு நின்ற அத்தனை வண்டியும், முன்னால் வழி திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பஸ், லாரி, ஸ்கூட்டர் ஒன்று பாக்கியில்லாமல் ஹாரன் அடித்தன. இந்த நகரத்தின் சரித்திரத்தில் இத்தனை பேர் ஒருமனதாக ஒரு தீர்மானத்தை ஆதரித்தது கிடையாது என்று காரியதரிசி கண் கலங்கிச் சொன்னார்.

கூட்டம் முடிந்ததும் நான் என் சந்தேகத்தைக் கேட்டேன். "ஐயா, என் நேரத்துக்கு எதிர்ல ஒரு கோடு போட்டிருக்கீங்களே, அது ஏன்?" பேராசிரியர் பாவம், தன்மையானவர். "உங்க நேரத்துக்கு மதிப்பில்லைன்னு சொல்லல சார், சந்தையில விலை இல்லைன்னு சொல்றோம்" என்றார். "சரி, நான் போகட்டும். எட்டேகாலுக்கு வர்ற புருஷனுக்காக என் பொண்ணு ஆறு மணியிலிருந்து ரெண்டு தட்டை எடுத்து வச்சுட்டு உட்கார்ந்திருந்தாளே, அந்த நேரம் இதுல எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றேன். அவர் நிஜமாகவே தேடினார். காகிதக் கட்டை முன்னும் பின்னும் புரட்டினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வண்டிக்குள்ள இருக்கறவங்களை மட்டும்தான் சார் எண்ணினோம். காத்துக்கிட்டு இருக்கறவங்களை எண்ணல" என்றார். பிறகு அவர் போனை எடுத்துத் தன் வீட்டுக்குப் பேசினார், நான் இறங்கி என் வண்டியைத் தேடிப் போனேன். ஓட்டுநர் சொன்னபடி அது அதே இடத்தில் இருந்தது.

உங்கள் அடுக்குமாடி வாசலில் போய் இறங்கும்போது மணி எட்டு ஐம்பத்திரண்டு. மூன்று மணி இருபத்தொரு நிமிடம். மேலே வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வெட்கமாக இருந்தது, அப்படியே திரும்பிவிட்டேன். ஏன் வெட்கம் என்று கேட்பீர்கள். அதே ரோட்டில், அதே நேரத்தில், நீங்கள் தினமும் எட்டேகாலுக்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள் மாப்பிள்ளை! என்னைவிட முப்பத்தேழு நிமிடம் முன்னால்! வேறு எங்கேயும் போகாதது மட்டுமல்ல, மனைவியைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பில், சந்து பொந்தெல்லாம் புகுந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்களைப் போய் சந்தேகப்பட்டோமே, எங்கள் நாக்கில் புண் வர.

ஆகையால், முப்பத்திநாலு வருஷ அனுபவத்தின் பேரில் இதனால் சான்றளிப்பது: மாப்பிள்ளையின் கோரிக்கை உண்மையானது, அவர் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், சொன்ன காரணத்தால்தான் இருந்தார். வீடு திரும்பியதும் வாசலிலேயே நின்று இதை அறிவித்தேன். உங்கள் மாமியார், "ஒரு சோற்றைப் பதம் பார்த்துட்டுப் பானையையே எறக்கி வச்சுட்டீங்களாக்கும்" என்றாள். எனக்குக் கோபம் வந்து, "நீ போய் மூணரை மணி நேரம் உட்கார்ந்து பாரு, அப்புறம் பேசு" என்றேன், பேச்சு நின்றது. என் மகள் மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க பார்த்தீங்களாப்பா?" என்று கேட்டாள். "பார்த்தேம்மா" என்றேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து துணிகளை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். அந்தச் "சரிப்பா"வுக்காக இன்னும் நூறு தடவை அந்த ரோட்டில் போவேன்.

வருகிற புதன்கிழமை நானே அவளையும் இரண்டு பெட்டியையும் கொண்டுவந்து விடுகிறேன். காலையிலேயே கிளம்புவோம், எப்போது வருவோம் என்று நெரிசல்தான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. தபால் வண்டியும் அதே ரோட்டில்தானே வர வேண்டும். திங்கட்கிழமை நானே கொண்டுவந்து உங்கள் தபால் பெட்டியில் போடுகிறேன்.

நீங்களும் என் மகளும் நூறு வயது ஒற்றுமையாக வாழ வேண்டும், உங்கள் சிக்னல் எல்லாம் பச்சையாக விழ வேண்டும், உங்களுக்கு முன்னால் போகிற லாரி ஓரமாக ஒதுங்க வேண்டும் என்று வாழ்த்தும்,

மாமனார்
(நஷ்ட மதிப்பீட்டாளர், ஓய்வு)

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை காலை): மேலே எழுதினது எதையும் நம்பாதீர்கள். அடித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன், நேரமில்லை, பகல் இரண்டு மணிக்குள் இதைக் கொடுத்தனுப்பியாக வேண்டும்.

நேற்று கடிதத்தோடு மத்தியானமே கிளம்பி, ஐந்தரைக்கு உங்கள் அடுக்குமாடிக்கு வந்துவிட்டேன். காவலாளியிடம், "அவர் வர எட்டேகால் ஆகும், இதைப் பெட்டியில போட்டுடுங்க" என்றேன். அவர், "யாரு, மூணாவது மாடி சாரா? அவர் அஞ்சே முக்காலுக்கே வந்துடுவாரே. ஆபீஸ்தான் பக்கத்துத் தெருவுக்கே வந்துடுச்சே. மூணு மாசமாச்சு. நடந்து வர்ற தூரத்துக்குக் காரு எதுக்கு சார்னு கேட்டா சிரிப்பாரு" என்றார். என் தலையில் இடி விழுந்தது, நீட்டிய கடிதத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன். உங்கள் ஆபீஸ் காலி செய்துவிட்டுப் போன கட்டடத்து ரோட்டில் போய் மூன்று மணி இருபத்தொரு நிமிடம் அளந்துவிட்டு வந்திருக்கிறேன். முப்பத்திநாலு வருஷம் யாருக்குச் சொல்லிக் கொடுத்தேனோ அந்த விதியை, பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்பதை, சொந்த மகள் விஷயத்தில் காற்றில் விட்டுவிட்டேன். "அப்போ ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடறாரா?" என்றேன். "இல்ல சார், கீழ வண்டிக்குள்ளயே உட்கார்ந்திருப்பாரு. எட்டு, எட்டேகால் ஆனாத்தான் மேல போவாரு" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையும் களவுமாகப் பிடித்து நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று, கீழே வண்டி நிறுத்துகிற அடித்தளத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். ஐந்து நாற்பத்தாறுக்கு நீங்கள் வந்தீர்கள். வண்டியை நிறுத்தினீர்கள். யாரும் வரவில்லை. போனில் பேசவில்லை, பாட்டுப் போடவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் உங்கள் வண்டியின் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது, அணைந்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எரிந்தது, அணைந்தது. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, நீங்கள் பிரேக் போடுகிறீர்கள். நிற்கிற வண்டியில், இல்லாத நெரிசலில், எட்டு மணி பத்து நிமிடம் வரை. கண்ணாடியைத் தட்ட மனம் வரவில்லை. ஒன்பது வருஷம் தினமும் அந்த நெரிசலில் உட்கார்ந்து, ஆபீசுக்கும் ஆகாமல் வீட்டுக்கும் ஆகாமல் தனியாக இருந்து பழகிப்போன மனுஷனை, ஒரே நாளில் ரோட்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றால் அவர் எப்படிப் போவார்? கோபம் போய்விட்டது. பயமாக இருந்தது, உங்களுக்காக.

காலையில் என் மகளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஆபீஸ் பக்கத்துத் தெருவில் என்றதும் முகம் சிவந்தது, கையிலிருந்த அச்சுத்தாளைக் கீழே போட்டாள். மிச்சத்தையும் சொன்னேன். "நான் இல்லாதப்பவுமாப்பா? மேல யாருமே இல்லாதப்பவும் கீழயே உட்கார்ந்திருக்காரா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, எட்டு பத்து வரைக்கும்" என்றேன். கீழே கிடந்த அச்சுத்தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். அப்புறம், "அப்போ என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காம இல்ல" என்றாள், எங்களிடம் அல்ல, சுவரிடம். "அடிப் பைத்தியமே, இது அதைவிட மோசம்டி" என்று உங்கள் மாமியார் சொன்னாள். "இருக்கட்டும்மா, மோசமா இருந்தாலும் அது என்னால இல்லையே" என்று சொல்லிவிட்டு என் மகள் எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். பெட்டியை எடுத்துக்கலையா என்று கேட்டேன். "அவர் வண்டியில பக்கத்து சீட்டுல பெட்டியை வச்சா நான் எங்கப்பா உட்கார்றது?" என்றாள்.

இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். கார் கண்ணாடி இடுக்கு வழியாக இதை உங்களிடம் நீட்டியவள் இன்னும் வெளியேதான் நின்றுகொண்டிருப்பாள். படித்தது போதும் மாப்பிள்ளை, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுங்கள்.